ஜாவாவில் கட்டிய ஏழடிச் சுவர்

1

எங்கள் ஊர்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் காக்கா என்று பிள்ளைகள் கேட்டிருந்தார்கள்; எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம். பாலைவனம், ஒட்டகம், பேரீச்சம்பழம் என்று இரண்டு பக்கம் வந்தால் போதுமாம். அல் ஐனில் இருபது வருடத்துக்கு மேலாகக் கட்டடச் சாமான் கடையில் கிடக்கிறவனுக்கு ஒட்டகத்தைப் பற்றி என்ன தெரியும்? சிமெண்டு தெரியும், ஹாலோ பிளாக் தெரியும், முள்கம்பி தெரியும். ஆகையால் ஒரு சுவரைப் பற்றி எழுதுகிறேன். அச்சில் போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை மதியம் எங்கள் வீட்டுக் கதவில் பலதியாக்காரர்கள் ஒரு சிவப்புத் தாளை ஒட்டிவிட்டுப் போனார்கள். பலதியா என்றால் இங்கே நகராட்சி. நாங்கள் இருப்பது ஒரு பழைய வில்லாவில் நாலில் ஒரு பங்கு. அந்தப் பங்கிலும் ஹாலின் நடுவே நான் ஒரு சுவர் எழுப்பி, மகள் நூருக்குத் தனி அறை செய்து கொடுத்திருந்தேன். அனுமதி வாங்காத சுவர். ஒரு வாரத்துக்குள் இடிக்காவிட்டால் கரண்டைத் துண்டித்துவிடுவார்களாம்.

நூருக்கு ஆறு வயது. தாளைப் பார்த்துவிட்டு, "வாப்பா, ஆர் தே கோயிங் டு பிரேக் மை ரூம்?" என்று கேட்டாள்.

"எவன் கைய வைக்கிறான்னு பாத்துருவோம்" என்றேன்.

நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் இரண்டடி பின்னால் போய்விட்டாள். என் தமிழில் பாதி அவளுக்குப் புரியாது. ஆனால் என் குரல் நன்றாகப் புரியும்.

என் மனைவி சுமர்னி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் ஜாவாக்காரி. கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். ஒரு தடவை சொன்னதை மறுதடவை சொல்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. எனக்குச் சொல்ல வேண்டியதை அவள் போன வருடமே, அவள் நாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் வைத்துச் சொல்லி முடித்துவிட்டாள். அது என்ன என்பதைச் சொல்ல, நான் முதலிலிருந்து வர வேண்டும்.

2

சுமர்னியை எனக்கு எப்படித் தெரியும் என்பதற்கு எங்கள் கீழக்கரையில் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். காலைக் கையைப் பிடித்து மயக்கிவிட்டாள் என்பது வரை என் காதுக்கே வந்தது. நடந்தது இதுதான்.

ஈராக்கில் யுத்தம் தொடங்குவதற்குச் சில மாதம் முன்பு, ஒரு பங்களாவுக்குப் பின்னால் இருந்த சைட்டில் பிளாக் இறக்கப் போயிருந்தேன். காலை ஏழு மணி இருக்கும். பங்களாவின் பின்சுவர் பத்தடி உயரம். உச்சியில் பாட்டிலை உடைத்துப் பதித்திருந்தார்கள். அந்தக் கண்ணாடிமேல் ஒரு பெண் தொற்றிக்கொண்டிருந்தாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குதித்தாள். குதித்தவளால் எழ முடியவில்லை, கணுக்கால் பிசகிவிட்டது. இரண்டு உள்ளங்கையும் கிழிந்து முழங்கை வரைக்கும் ரத்தம். வலிக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. "பாபா, மாஃபி போலீஸ், மாஃபி போலீஸ்" என்று மட்டும் சொன்னாள். போலீஸ் வேண்டாமாம்.

ஓடிவந்த வேலைக்காரியை வண்டியில் ஏற்றுவது இந்த நாட்டில் சின்னக் குற்றமில்லை. கூட இருந்த லோடுமேன், "பாய், சோடோ, நமக்கெதுக்கு" என்று கையைப் பிடித்து இழுத்தான். நான் அவன் கன்னத்தில் ஒன்று வைத்துவிட்டு அவளைத் தூக்கி வண்டியில் போட்டேன். எனக்கு எப்போதும் கை முந்தும், வாய் பிந்தும். அன்றைக்கு அது நல்ல காரியத்துக்கு முந்தியது என்று ரொம்ப நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

தெரிந்த மலையாளி நர்ஸ் ஒருத்தி கையைத் தைத்துவிட்டாள். மறுநாள் அபுதாபிக்குக் கூட்டிப்போய் அவள் நாட்டுத் தூதரகத்து வாசலில் இறக்கிவிட்டேன். சில மாதத்தில் அரசாங்கம் விசா இல்லாதவர்களுக்குப் பொதுமன்னிப்பு அறிவிக்க, அவள் ஊர் போய்ச் சேர்ந்தாள். பிறகு போன் கார்டு சுரண்டிச் சுரண்டிப் பேசினோம். பேசியது அரபியில், இரண்டு பேருக்கும் ஒழுங்காக வராத அரபி. அந்த வருடக் கடைசியில் நான் ஜாவாவுக்குப் போய் நிக்காஹ் முடித்தேன். அப்புறம்தான் அவள் முதுகைப் பார்த்தேன். வலது தோளுக்குக் கீழே இஸ்திரிப் பெட்டியின் முழு அச்சு. சட்டை ஒன்று தீய்ந்துபோனதற்காக அந்த வீட்டு மேடம் வைத்தது.

எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. ஏன் அவ்வளவு நாள் தாமதம் என்று கேட்டால், எங்கள் ஊர் வழக்கம் அப்படி. வீடு என்பது பெண்பிள்ளைக்கு. இரண்டு தங்கைகளுக்கும் இடம் வாங்கி, காம்பவுண்டுச் சுவர் எழுப்பி, வீடு கட்டி, அதற்குப் பின்தான் மாப்பிள்ளை பார்த்தோம். எல்லாம் முடிந்து பார்த்தால் என் பேரில் ஒரு சாண் மண் கிடையாது.

சுமர்னிக்கு விசா எடுத்த கதை தனிக் கூத்து. ஜாவாவில் பலருக்குப் பேர் ஒரே சொல்தான். வாப்பா பேரும் கிடையாது, குடும்பப் பேரும் கிடையாது. டைப்பிங் சென்டர்க்காரன், "பாய், இரண்டாவது கட்டம் காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் எடுக்காது" என்றான். நாலு தடவை திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் அவனே இரண்டு கட்டத்திலும் அதே பேரைத் தட்டிவிட்டான். இன்று வரைக்கும் என் மனைவி அரசாங்கக் கணக்கில் சுமர்னி சுமர்னி.

3

அவள் கிராமத்தின் பேரை எழுதமாட்டேன், அவள் வேண்டாம் என்றாள். மத்திய ஜாவாவில், பஸ் நின்ற இடத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் அரைமணி நேரம். படிப்படியாக இறங்குகிற நெல்வயல்கள், நடுநடுவே தென்னந்தோப்பு, தோப்புக்குள் வீடுகள். ஒரு வீட்டுக்கும் மறு வீட்டுக்கும் நடுவே சுவர் கிடையாது. அடுத்த வீட்டுக் கோழி நம் வீட்டு அடுப்பங்கரையில் முட்டையிடும். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கமாட்டார்கள்.

சுமர்னிக்கு ஒரே அண்ணன், சுகெங். மலேசியாவில் செம்பனைத் தோட்டத்தில் ஏழெட்டு வருடம் தமிழர்களோடு வேலை பார்த்தவர். அந்தப் பழக்கத்தில் நாலைந்து தமிழ் வார்த்தை வைத்திருந்தார்: வா, சாப்பிடு, தண்ணி, போதும், மச்சான். முதல் நாள் நான் வாசலில் இறங்கியதும், "வா மச்சான், சாப்பிடு" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் சொந்தத் தங்கைகள் அந்தக் கல்யாணத்துக்கு ஒரு வாழ்த்துகூடச் சொல்லவில்லை.

நூர் பிறந்து நாலாவது வருடம், அந்த ஊரில் ஒரு துண்டு நிலம் வாங்க முடிவு செய்தோம். வெளிநாட்டுக்காரன் அங்கே நிலம் வாங்கச் சட்டம் இடம் தராது. வெளிநாட்டுக்காரனைக் கட்டிய பெண்ணுக்கும் தராது, கல்யாணத்துக்கு முன்பே சொத்து தனித்தனி என்று எழுதி வைத்திருந்தால் ஒழிய. எங்களுக்கு அது யாருக்குத் தெரியும்? ஊர்த்தலைவர் என் பாஸ்போர்ட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, இனிப்புத் தேநீர் கொடுத்து, ரொம்ப மரியாதையாக இதை விளக்கினார். ஒரே வழிதான் இருந்தது. சுகெங் பேரில் எழுதினோம். அலுவலகத்தில் ஒன்பது நகல் கேட்டார்கள். நகல் எடுக்கிற கடை டவுனில். மூன்று நாள் மோட்டார் சைக்கிளில் போய்ப்போய் வந்தோம்.

வயல்களுக்கு நடுவே மேட்டுப் பாங்கான நிலம், நாற்பது சென்ட் தேறும். ஜூலை மாதம், இங்கே கோடை விடுமுறை, அங்கே மழையில்லாத காலம். வயலெல்லாம் வெடித்துக் கிடந்தது. நிலத்தின் குறுக்கே புல் முளைத்த ஒரு பள்ளம் ஓடியது. ஏதோ பழைய குழி என்று நினைத்துக்கொண்டேன். கீழக்கரையில் வயல் ஏது? எங்கள் ஊருக்குத் தண்ணீர் லாரியில் வரும். தண்ணீர் தானாக நடந்து வயலுக்கு வயல் இறங்கும் என்பதைக் கண்ணால் பார்க்காதவன் நான்.

4

இடம் வாங்கினால் முதலில் என்ன செய்வோம்? கடலோர ஊர்க்காரன் யாரைக் கேட்டாலும் சொல்வான். வெளிநாட்டில் இருக்கிறவன் இடத்துக்குச் சுவர்தான் காவல். இல்லாவிட்டால் அடுத்த லீவுக்குப் போகும்போது பக்கத்து வீட்டுக்காரன் கக்கூஸ் நம் இடத்தில் இருக்கும். அல் ஐனில் பார்த்தாலும் தெருவுக்குத் தெரு சுவர்தான். நான் பிழைப்பதே அந்தச் சுவர்களை வைத்துத்தான்.

ஏழடி உயரம், சுற்றிலும் பிளாக் வைத்துக் கட்டுவோம் என்றேன். சுகெங் சிரித்தார். "நாந்தி, மச்சான்" என்றார். நாந்தி என்றால் அப்புறம். மறுநாளும் கேட்டேன். நாந்தி. பெரியவர் கர்யோ என்று ஒருவர், மேல் வயலுக்குச் சொந்தக்காரர். அவரும் வந்து, நிலத்தைச் சுற்றி நடந்து, பள்ளத்தைக் காட்டி ஏதோ சொல்லி, சிரித்து, நாந்தி என்றார்.

"என்னா சொல்றாங்க?" என்று சுமர்னியைக் கேட்டேன். அல் ஐனுக்கு வந்த இத்தனை வருடத்தில் அவள் எங்கள் ஊர்த் தமிழைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வேணாங்கிறாங்க."

"வேணாம்னு எங்க சொன்னாங்க? அப்பறமுன்னுதானே சொல்றாங்க?"

"எங்க ஊர்ல மூஞ்சிக்கு நேரா வேணாம் சொல்ல மாட்டாங்க, நூர் வாப்பா. அப்பறமுன்னா வேணாந்தான்."

எனக்கு எரிச்சலாக இருந்தது. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லட்டுமே, வாயில் என்ன கொழுக்கட்டையா? லீவு முப்பது நாள்தான். டவுனிலிருந்து கொத்தனார்களைக் கூட்டிவந்து இருபது நாளில் சுவரை எழுப்பிவிட்டேன். சுமர்னி சொன்னதால் பள்ளம் இருந்த இடத்தில் ஒரு சாண் அகலத்துக்கு ஒரு குழாய் மட்டும் பதித்தேன். அதுவே பெரிய தர்மம் என்று நினைப்பு.

கடைசி நாள் உச்சியில் கண்ணாடி பதித்தோம். நானே பாட்டில்களைச் சாக்கில் போட்டு உடைத்தேன். அன்று முழுக்க சுமர்னி அண்ணன் வீட்டு அறையை விட்டு வெளியே வரவில்லை. தலைவலி என்றாள். நான் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். அவள் உள்ளங்கைத் தழும்புகளைத் தினமும் பார்க்கிறவன், பிடிக்கிறவன். ஆனாலும் அன்றைக்கு அது எனக்குத் தோன்றவில்லை. இதை எழுதும்போது கூசுகிறது.

அதற்குப் பின் வந்த மழைக்காலத்தில் சுகெங் போன் செய்தார். சுவரில் ஒரு திறப்பு வைக்கலாமா என்று தங்கை வழியாகக் கேட்டார். திறப்பு வைத்தால் திருடன் வருவான் என்றேன். வைக்கோலும் சேறும் அடைத்து அந்தக் குழாய் முதல் மழைக்கே நின்றுபோயிருக்கிறது. மேல் வயலில் தண்ணீர் தேங்கி கர்யோவின் நாற்றெல்லாம் அழுகியிருக்கிறது. கீழே மூன்று குடும்பத்தின் வயல் காய்ந்திருக்கிறது. ஒருவரும் எனக்கு அதைச் சொல்லவில்லை. சுகெங் தன் வீட்டு நெல்லிலிருந்து அந்த நாலு வீட்டுக்கும் பங்கு கொடுத்து, எனக்காக ஒரு வருடம் வாங்கியிருக்கிறார். மச்சான் வருவான், பார்ப்பான், புரிந்துகொள்வான் என்று ஊரைச் சமாதானப்படுத்தியிருக்கிறார்.

5

மச்சான் போனான். போன வருடம் ஹஜ்ஜுப் பெருநாள் லீவுக்குக் குடும்பத்தோடு போனோம். பெருநாள் தொழுகையில் ஊரே என்னைக் கட்டிப்பிடித்தது. கர்யோ தம் வீட்டுக் குர்பான் இறைச்சியில் நல்ல துண்டாக எடுத்து எங்களுக்கு அனுப்பினார். மழை பெய்துகொண்டே இருந்தது. சுவரின் மேல்பக்கம் இடுப்பளவு தண்ணீர் நின்றதை நானும் பார்த்தேன். மழைக்காலம் என்றால் அப்படித்தான் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் மழை விட்டிருந்தது. சுவர்ப் பக்கம் பேச்சுச் சத்தம் கேட்டுப் போனேன். முப்பது நாற்பது பேர். கடப்பாரை, மண்வெட்டி, சம்மட்டி. சுவரை இடித்துக்கொண்டிருந்தார்கள். அதுவும் எப்படி? பள்ளிவாசலுக்கு வெள்ளையடிக்க வந்தவர்களைப் போல. பாய் விரித்துப் பெண்கள் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்துக்கொண்டிருந்தாள். ஊர் கூடி ஒரு வேலை செய்தால் அங்கே அப்படித்தானாம். பாலம் கட்டினாலும், வாய்க்கால் தூர்வாரினாலும், சுவரை இடித்தாலும் தேநீரும் பொரித்த பழமும் உண்டு. என்னைப் பார்த்ததும் எல்லோரும் தலைதாழ்த்தி ஸலாம் சொன்னார்கள். கர்யோவின் மகன் ஸ்லாமெட் கையைத் துடைத்துக்கொண்டு எனக்கு ஒரு கிளாஸ் தேநீர் நீட்டினான்.

அந்தத் தேநீர்தான் என்னைக் கிறுக்கனாக்கியது. திட்டியிருந்தால் திட்டியிருப்பேன். அடித்திருந்தால் அடித்திருப்பேன். என் முதல் சொத்தை, என் கண்முன்னே, சிரித்துக்கொண்டு இடிக்கிறார்கள். கிளாஸைத் தட்டிவிட்டேன். சூடான தேநீர் அவன் முகத்தில் கொட்டியது. அவன் கத்திக்கொண்டு என் நெஞ்சைப் பிடித்துத் தள்ளினான். சேற்றில் விழுந்தேன். பாயின் ஓரத்தில் கீற்று வெட்டுகிற அரிவாள் கிடந்தது. அதை எப்போது எடுத்தேன் என்று எனக்கு நினைவில்லை. எழுந்தது நினைவிருக்கிறது. ஸ்லாமெட்டின் கழுத்தைக் குறிபார்த்து வீசியது நினைவிருக்கிறது. தோளை அல்ல, கழுத்தைத்தான். வேறு மாதிரி எழுதினால் பொய்யாகிவிடும்.

நடுவே ஒரு கை வந்தது. சுகெங்கின் வலது கை. சுண்டு விரலும் மோதிர விரலும் சேற்றில் விழுந்தன. நடு விரல் தோலில் தொங்கியது. ரத்தம் என் முகத்தில் அடித்தது. அவர் கத்தவில்லை. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

 பிறகு அந்தச் சாதுவான ஊர் என்மேல் விழுந்தது. மண்வெட்டிப் பிடியால் விலாவில் அடித்தார்கள். எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. யாரோ தலைமயிரைப் பிடித்து முகத்தைத் தண்ணீரில் அமுக்கினார்கள், வாயெல்லாம் சேறு. அந்த மனிதர்கள் அவ்வளவு கோபத்தை எங்கே வைத்திருந்தார்களோ தெரியவில்லை. ஒரு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தது அத்தனையும் அன்று இறங்கியது. செத்தேன் என்று கலிமா சொல்ல ஆரம்பித்தேன்.

அப்போது என் முதுகின்மேல் ஒரு பாரம் விழுந்தது. சுகெங் என்மேல் குப்புறப் படுத்துக்கொண்டார். சரோங் கைலியில் சுற்றிய கையை உயரத் தூக்கி ஜாவா மொழியில் ஏதோ சொன்னார். அடி நின்றது. பிறகு என் காதோரம் தமிழில் சொன்னார்: "போதும், மச்சான். போதும்."

தலையைத் தூக்கியபோது வரப்பின்மேல் நூர் நின்றுகொண்டிருந்தாள். கையில் பாதி கடித்த பழப்பொரி. எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

6

காய்கறி வண்டியில் எங்கள் இரண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டு டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். விரல்களைத் தென்னை ஓலையில் மடித்து யாரோ எடுத்துவந்திருந்தார்கள். டாக்டர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். எனக்கு விலா மூன்று போயிருந்தது.

சாயங்காலம் நடைபாதையில் ஸ்ட்ரெச்சரில் கிடந்தேன். சுமர்னி வந்து நின்றாள். அழுதிருக்கவில்லை. தன் உள்ளங்கை இரண்டையும் விரித்து என் முகத்துக்கு நேரே காட்டினாள்.

"இது மேடம் வீட்டுச் செவரு. அங்க அண்ணன் கை, அது ஒங்க செவரு" என்றாள். "நூர் வாப்பா, மேடம் கையும் ஒங்க கையும் ஒண்ணுதான்."

"சுமர்னி, நா வேணுமுன்னு..."

"கேளுங்க. நா ஒங்ககூட அல் ஐன் வாரேன். நூருக்காவ வாரேன். இன்னொரு தடவ, யாரு மேலயாச்சும், ஒங்க கை மேல போச்சுன்னா, அன்னிக்கே நா நூரக் கூட்டிட்டுப் போயிருவேன். செவரு எத்தன அடியா இருந்தாலும் எனக்கு ஏறத் தெரியும்."

மிரட்டல் மாதிரிச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதைப் போலச் சொன்னாள்.

நாலாம் நாள் ஊர்த்தலைவர் அலுவலகத்தில் சமாதானம். முத்திரைத் தாளில் எழுதினார்கள். வேலை செய்யும்போது அரிவாள் வழுக்கி விபத்து ஏற்பட்டது என்று. போலீஸ் வந்திருந்தால் நான் இன்று அந்த நாட்டுச் சிறையில் கிடப்பேன். சுகெங் இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார். ஸ்லாமெட் எழுந்து வந்து, கன்னத்தில் தேநீர் சுட்ட கொப்புளத்தோடு, அடித்ததற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டான். ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள். வெட்டினவன் நான். பிறகு எல்லோருக்கும் தேநீர் வந்தது. குடித்தேன்.

கிளம்பும்போது சுகெங்கிடம் மட்டும், "மாஃப், மச்சான்" என்று மன்னிப்புக் கேட்டேன், அவர் மொழியில் பாதியும் என் மொழியில் பாதியுமாக. அவர் கட்டுப்போட்ட கையால் என் தோளைத் தட்டினார். வலித்திருக்க வேண்டும். "சாப்பிடு, மச்சான்" என்று ஒரு பொட்டலத்தை நூரிடம் கொடுத்தார்.

இப்போது சுவர் இல்லை. தண்ணீர் பழைய பள்ளத்தில் போகிறதாம். அந்த நிலத்தில் சுகெங் நெல் போட்டிருக்கிறார். அறுவடைக்குப் பிறகு இந்தப் பக்கம் வேலைக்கு வந்த ஒரு பெண்ணிடம் இரண்டு கிலோ அரிசி கொடுத்தனுப்பினார். சுமர்னி அதை ஆக்கி என் தட்டில் போட்டாள். விரல் இல்லாதவர் அரிவாளைப் பிடித்து எப்படி அறுத்தார் என்று கேட்டேன். "எடது கையால" என்றாள். முழுவதையும் தின்றேன். வைத்துவிட்டு எழுந்தால் அது இன்னொரு குற்றம் போலிருந்தது.

7

சிவப்புத் தாளின் கெடு முடிகிற அன்று காலை பத்து மணிக்கு வில்லாக்காரரின் மேனேஜர் இரண்டு பாகிஸ்தானிப் பட்டான் வேலையாட்களை அனுப்பினார். பின்னாலேயே பலதியா இன்ஸ்பெக்டர், கையில் கேமராவோடு. நானே இடித்துத் தருகிறேன், மாலை வரை டைம் கொடுங்கள் என்று கெஞ்சினேன். "யல்லா, கலாஸ்" என்றார் அவர்; ஆகட்டும், கெடு முடிந்தது என்று அர்த்தம். வேலையாட்கள் உள்ளே வந்துவிட்டார்கள்.

நூரின் பொருள்களை முழுக்க எடுத்துவைக்கக்கூட நேரம் தரவில்லை. ஒருவன் அவள் புத்தக அலமாரியைக் காலால் தள்ளினான். அது அப்படியே சரிந்து, பள்ளிக்கூடத்துக்காக அவள் ஒரு வாரம் உட்கார்ந்து செய்த அட்டை வீடு அடியில் மாட்டி நசுங்கியது. "மை ஹவுஸ்!" என்று கத்தினாள். அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அவன் கெட்டவனில்லை, குழந்தையைச் சமாதானப்படுத்தச் சிரித்திருப்பான். எனக்கு அந்தச் சிரிப்பு வேறு சிரிப்பாகத் தெரிந்தது.

கீழே கிடந்த சம்மட்டி என் கைக்கு வந்துவிட்டது. அவன் முதுகு என் பக்கம் இருந்தது. கை மேலே போய்விட்டது. இன்ஸ்பெக்டர் "யா ரஜ்ஜால்!", அடே மனுஷா, என்று கூப்பாடு போட்டார்.

யாராவது குறுக்கே வருவார்கள் என்று எனக்குள் ஏதோ ஒன்று காத்திருந்தது என்று நினைக்கிறேன். போன தடவை சுகெங் வந்தாரே. சுமர்னி எங்கே என்று கண் தேடியது.

அவள் வாசல் பக்கம் இருந்தாள். குறுக்கே வரவில்லை. கத்தவில்லை. என்னைப் பார்க்கக்கூட இல்லை. பாஸ்போர்ட் வைக்கிற கைப்பை அவள் தோளில் ஏறியிருந்தது. தரையில் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்து நூருக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். வலது கால் முடிந்துவிட்டது. இடது காலுக்கு நூர் பாதத்தைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஏன், எங்கே என்று அந்தப் பிள்ளை கேட்கவில்லை. அவளுக்குச் சொல்லி வைத்திருக்கிறாள். எத்தனை நாளாகவோ.

சம்மட்டியின் கனம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதை இறக்கினேன். எங்கேயாவது இறக்கித்தானே ஆக வேண்டும், சுவரில் இறக்கினேன். நான் கட்டிய சுவர், என் கடை பிளாக், என் கடை சிமெண்டு. நல்ல சிமெண்டு, லேசில் விடவில்லை. விலா வலிக்க வலிக்க அடித்தேன். பட்டான் ஒதுங்கி நின்று பார்த்தான், பிறகு "ஆஸ்தே, பாய், ஆஸ்தே", மெதுவாக, மெதுவாக என்று சொல்லிக் கூடவே சேர்ந்துகொண்டான். அரைமணி நேரத்தில் சுவர் தரையில் கிடந்தது. இன்ஸ்பெக்டர் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். நான் பட்டானிடம், "மாஃப் கரோ, பாய்" என்றேன். அவனுக்கு எதற்கென்று தெரியவில்லை. அவன் கடைசி வரை தன் முதுகுக்குப் பின்னால் நடந்ததைப் பார்க்கவேயில்லை.

உடைசல்மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து எண்ணெய் காய்கிற சத்தம் கேட்டது. பிறகு வாசனை வந்தது. மாவில் தோய்த்த வாழைப்பழம். கைப்பை அதன் ஆணியில் மாட்டியிருந்தது. சுமர்னி முதலில் வேலையாட்களுக்குக் கொண்டுவந்து வைத்தாள், தேநீரோடு. என் பங்கை நூரிடம் கொடுத்தனுப்பினாள்.

நூர் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். கை எட்டாத தூரத்தில் நின்று, தட்டைத் தரையில் வைத்து, என் பக்கம் தள்ளினாள். வலது காலில் செருப்பு இருந்தது. இடது கால் வெறுங்கால்.

"வாங்கம்மா, வாப்பா பக்கத்துல ஒக்காந்து சாப்பிடுங்க" என்றேன். "செருப்பக் கழட்டிருங்க. நாம எங்கயும் போகல."

அவள் தன் காலைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். பிறகு, மாமன் சுகெங்கைப் போலவே மரியாதையாகச் சிரித்தாள்.

"லேட்டர், வாப்பா" என்றாள்.